ஆறு வீடு பார்த்த சிட்டு

பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்த ரேணுகாம்பாளுக்குச் சொந்தமென்று இருந்தவை ஒரு தகரப் பெட்டி, இரண்டு குடம், ஒரு நாய். எழுபத்து நாலில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன்தான் அதைக் குட்டியாகக் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து எடுத்து வந்தான். "துணைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டு அடுத்த லோடுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஓசூரில் அவனுக்கு வேறொரு குடும்பம் இருப்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. குட்டிக்குச் சிட்டு என்று அவளே பெயர் வைத்தாள்.

சிட்டு பெட்டை. அதுதான் வினை. தேரடித் தெருவுக்குப் பின்னால் இருந்த முதல் வீட்டில், வீட்டுக்காரரின் நெல் மூட்டைச் சந்தில் அது ஐந்து குட்டி போட்டது. மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டாவது வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சிட்டுவைச் சொல்லிக் குழாயடியில் தினமும் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாவது வீட்டை விற்றுவிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் சாமான் ஏற்றியது ஜானி பாஷாவின் சைக்கிள் ரிக்‌ஷாதான். பெட்டியும் குடமும் ஏறுமுன்பே சிட்டு தாவி ஏறிப் படுக்கைச் சுருளின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

"ஆயாம்மா, இது எச்சி எம்மேல பட்டா எங்க மார்க்கப்படி ஏழு தபா கழுவணும் நானு. பாத்துக்கோங்க" என்பார் பாஷா. ஆனால் இறக்கிவிட்டதில்லை.

நாலாவது வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "வீடு வேணும்னா நாய் கூடாது." ஐப்பசி மழை. மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் சாமான் கிடந்தது. ரேணுகாம்பாள் தலையாட்டினாள். பாஷா சிட்டுவை அவலூர்ப்பேட்டைப் பக்கம் கொண்டுபோய், ஒரு மாட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டு வந்தார். அவள் இரண்டு நாள் சோறு பொங்கவில்லை. நாலாம் நாள் டியூட்டி முடிந்து வெளியே வந்தபோது, கழுத்தில் அறுந்த கயிறோடு, பாதம் நாலும் தோலுரிந்து, பிரசவ வார்டு வாசலில் சிட்டு படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டியதே தவிர எழுந்திருக்க முடியவில்லை. அவள் மடியில் தூக்கிப்போட்டுக்கொண்டாள். அன்றைக்கே ராஜமாணிக்கம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஐந்தாவது வீடு போய், ஆறாவதாகச் செங்கம் ரோட்டில் ஒரு பின்கட்டு அறை கிடைத்தது. அங்கேதான் சிட்டுவுக்குக் கிழடு தட்டியது. எண்பத்தாறு ஆடியில் வயிற்றில் எலுமிச்சம்பழம் அளவு ஒரு கட்டி. புரட்டாசியில் அது தேங்காய் அளவு ஆனது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சிம்மா. அறுத்தா தாங்காது. கஷ்டப்படாம போக ஊசி போட்டுடலாம். யோசிச்சி வாங்க" என்றார்.

யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ பேரின் வலியைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். இடுப்பைப் பிடித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா" என்று சொன்னவள். சிட்டுவிடம் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஊசி போடச் சொல்ல வாய் வரவில்லை. வலியைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் வந்து நின்றார். பின்கட்டை இடித்து, ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விட ரூம் கட்டப்போகிறாராம்.

"நாலு நாள் குடுங்க சார். நாயத் தொட்டாலே கத்துது."

"மேஸ்திரி நாளைக்கி வரான்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலம் சிட்டுவுக்கு ஒரு பாக்கெட் பன் வாங்கிவந்து வைத்தார். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பாஷா வந்தார். சிட்டு தாவி ஏறவில்லை. பாஷாவே இரண்டு கையாலும் ஏந்தி, படுக்கையின்மேல் கிடத்தினார். அது ஒரே ஒரு முறை முனகியது. ரிக்‌ஷா ஊருக்குள் புகுந்து வேங்கிக்கால் பக்கம் திரும்பியது. அங்கே உண்ணாமலை என்ற அம்மாளின் வீட்டை ரேணுகாம்பாள் முந்தின ராத்திரியே பேசி வைத்திருந்தாள். ஏரிக்கரை வந்தபோது சிட்டுவின் வயிற்றில் கை வைத்திருந்தவள், "பாய், நிறுத்துங்க" என்றாள்.

பாஷா இறங்கிவந்து பார்த்தார். சிட்டுவுக்கு மூச்சு நின்றிருந்தது.

"எங்க பொதைக்கறது பாய்?"

 விட்டுவந்த வீட்டில் இந்நேரம் கடப்பாரை இறங்கியிருக்கும். போகிற வீட்டில் பால் காய்ச்சுமுன் செத்த நாயோடு போய் நின்றால் யார் உள்ளே விடுவார்கள்? பன்னிரண்டு வருஷம் வாடகை கொடுத்தவளுக்கு ஒரு முழம் மண் இல்லை. கடைசியில் தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள்ளேயே இறங்கினார்கள். பக்கத்துக் கொல்லையில் மண்வெட்டி கேட்டு வாங்கிவந்து பாஷா வெட்டினார். அவள் புடவை ஒன்றைக் கிழித்துச் சுற்றினாள்.

"மழ வந்தா இங்க தண்ணி நிக்குமே பாய்."

"நிக்கும்மா" என்றார் பாஷா, மண்ணைத் தள்ளிக்கொண்டே.

உண்ணாமலை வாசலிலேயே காத்திருந்தாள். ஐம்பது வயது, தனிக்கட்டை. ரிக்‌ஷாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாய் இருக்குனு சொன்னீங்களே, எங்க? அதுக்குனு கஞ்சி ஆத்தி வச்சிருக்கேன்."

ரேணுகாம்பாள் சொன்னாள். உண்ணாமலையின் முகம் விழுந்துவிட்டது.

"அய்யோ, இங்க எடுத்தாந்திருக்கலாமே. பின்னால தென்னமரத்தாண்ட எவ்ளோ எடம் கெடக்குது. நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

ரேணுகாம்பாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பப் போய் எடுத்துவரலாமா என்று ஒரு கணம் பாஷாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு குடங்களை இறக்கினார். மதியம் டியூட்டி. போனாள்.

கார்த்திகைக்குள் ஏரி நிரம்பியது. அவள் டியூட்டிக்குப் போகிற பஸ் அந்தக் கரையோரம்தான் போகும். எந்த இடம் என்று தெரியாமல் தண்ணீர் முழுக்கப் பார்த்துக்கொண்டே போவாள். உண்ணாமலை வீட்டை மட்டும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.