ஞாயிற்றுக்கிழமை ஓடிய மெஷின்

திருவனந்தபுரத்தில் எங்களுடையது ஒரு சின்னப் பிரஸ்பிட்டேரியன் சபை. கரமனைப் பக்கம் ஒரு சந்துக்குள்ளே, பதினெட்டுக் குடும்பம். எல்லாரும் ஒரே நாளில் வந்தால் நாற்காலி போதாது. அந்தச் சங்கடம் கிறிஸ்துமஸுக்கு மட்டுந்தான் வரும். போதகர் இருந்தாலும் காரியங்களைத் தீர்மானிப்பது மூன்று மூப்பர்கள். கூட்டம் போட்டு, ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, ஜெபம் பண்ணி முடிக்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டோம். அந்த மூவரில் நானும் ஒருவன். பெயர் ஜாண்ரோஸ். சாலைக் கடைவீதியில் ஓர் இரும்புக்கடையில் முப்பது வருஷமாகக் கம்பியும் பைப்பும் அளந்து கொடுக்கிறேன். என் அளவு பிசகாது என்று கடையில் எல்லாரும் சொல்வார்கள். வேறு யாரும் சொல்லாத நாளில் நானே சொல்லிக்கொள்வேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது புஷ்பலீலா அக்காவைப் பற்றி. அறுபத்திரண்டு வயது, தனிக்கட்டை, வீட்டு முன்னறையில் தையல். கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். "பிளவுஸ் ஆயாச்சா அக்கா?" என்று இரண்டாம் தடவை கேட்டால் துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊசியைத் தொடமாட்டாள். ஒரு ஞாயிறு ஆராதனைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போதகரின் சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தது. "நாளைக்குக் கொண்டு வாங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள். அவர் அன்று ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு பிரசங்கம் செய்தார்.

எங்கள் சபையின் கோடைக்கால ஊழியம் பொன்முடியில். ஏப்ரலில் வேனில் போய், தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடுமுறை வகுப்பு நடத்துவோம். பாட்டு, விளையாட்டு, கதை. கூடவே பள்ளிச் சீருடைக்கு அளவெடுப்போம். பள்ளி வழியாகச் சீருடை கிடைத்தாலும், அங்கே ஜூன் மழையில் ஒரு துணி காய மூன்று நாள் ஆகும். மாற்றுக்கு ஒன்று இருந்தால்தான் பிள்ளை நனையாமல் வகுப்பில் இருக்கும். மே மாதம் முழுக்க அக்கா தைப்பாள். பள்ளி திறப்பதற்கு முன் கொண்டுபோய்க் கொடுப்போம்.

சீருடையை மொத்தமாகச் சாலைக் கடைவீதியில் வாங்கினால் என்ன என்று ஒரு வருஷம் மூப்பர் கூட்டத்தில் கேட்டேன். கூட்டத்துக்கு வந்திருந்த அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஒண்ணாம் கிளாஸுல எனக்கு ஒரு பாவாட சட்ட தந்தாவ. தர்மத்துக்கு வந்தது. பத்துப் பேருக்கும் ஒரே அளவு. எனக்குக் கணுக்கால் வரைக்கும் தொங்கும். ஸ்கூல்ல எல்லாரும் சாக்குன்னாக்கும் கூப்பிடுவினும். கொஞ்ச நாள்ல சாக்குன்னு விளிச்சாலே திரும்பிப் பாப்பேன். அதுதான் மக்கா எனக்கு வெப்ராளம், இன்னும் ஆறாத சங்கடம்." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "நம்ம குடுக்கது இனாம்னு பாக்கவங்களுக்குத் தெரியப்பிடாது. அந்தந்தப் பிள்ளைக்கு அந்தந்த அளவு."

அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இந்த ஏப்ரலில் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அளவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தன் டேப்பைக் கொடுத்தனுப்பினாள். பழைய டேப். நுனி நைந்துபோனதால் முதல் இரண்டு இஞ்சை வெட்டி எறிந்திருந்தாள். படிக்கிற அளவில் இரண்டைக் கழிக்க வேண்டும். இதை அவள் சொல்லவில்லை. முப்பது வருஷம் அளந்தவனுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? பார்த்ததும் கண்டுபிடித்தேன். மார்பு, இடுப்பு, உயரம் என்று நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு கழித்து, முத்து முத்தாக நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். இதை நானும் சொல்லவில்லை. அக்கா நோட்டைப் பார்த்தாள். அது டேப் காட்டிய எண் என்று நினைத்து, இருபது வருஷப் பழக்கத்தில் அவளும் இரண்டிரண்டு கழித்துக்கொண்டு துணியை வெட்டினாள்.

மே மாத நடுவில் அவள் மூப்பர் கூட்டத்துக்கு வந்து நின்றாள்.

"பிள்ளைகள் எல்லாம் உருகிப் போச்சு. போன வருஷம் மார்பு இருபத்தாறு இருந்த பையன் இந்த வருஷம் இருபத்தஞ்சு. லயத்துல சோறு இல்லியா என்ன?"

எல்லாருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பத்துக் கிலோ கடலை உருண்டை கொண்டுபோவதென்று தீர்மானம் வந்தது. வழிமொழிந்தது நான். மறுபடி அளந்து பார்க்கலாம் என்று மூன்று மூப்பரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளை நேரில் பார்த்தவன் நான். எல்லாரும் கொழுகொழுவென்று இருந்ததைப் பார்த்தவனும் நான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளி திறப்பு. சனிக்கிழமை காலையில் டிரைவர் ரதீஷின் வேனில் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். கால் தேறியிருந்ததால் அக்காவும் பதின்மூன்றாவது ஆளாக வந்தாள். கொண்டை ஊசி வளைவு முழுக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள்.

முதலில் போட்டுப் பார்த்தது திவ்யலட்சுமி என்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. சட்டைப் பொத்தான் எட்டவில்லை. பாவாடை இடுப்பில் ஏறவில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் அப்படியே, மூன்றாவதுக்கும் அப்படியே.

"லேய் ஜாண்ரோஸே, எப்பிடி அளந்தே?"

"டேப்பு வெட்டினதாக்குமே அக்கா. ரெண்டு கழிச்சுதான் எழுதினேன்."

அக்கா அந்தச் சட்டையைக் கையில் எடுத்தாள். "நானும் கழிச்சேன் மக்கா" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கடலை உருண்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். திவ்யலட்சுமியின் அம்மா பக்கத்தில் வந்து, "பரவாயில்லம்மா, கொடுத்ததே பெருசு. எப்படியாவது போட்டுக்குவா" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்காவின் முகம் சுருங்கியது. நாற்பத்தொரு பிள்ளைகளும் திங்கட்கிழமை இறுக்கிப் பிடித்த சட்டையோடு போய் நின்றால், யாரோ கொடுத்தது என்று பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். அதுதான் அவளால் தாங்க முடியாதது.

சற்று நேரத்தில் எழுந்து ஒரு சட்டையை உள்புறமாகத் திருப்பினாள். பிள்ளைகள் வளர்கிறவர்கள் என்பதால் பக்கத் தையலில் துணி விட்டிருந்தாள், கீழ்மடிப்பிலும் விட்டிருந்தாள். பிரித்துத் தைத்தால் இந்த வருஷத்துக்குச் சரியாக வரும்.

"துணி இருக்கு. நேரம்தான் இல்ல" என்றாள்.

லயத்தில் வீரபாண்டி என்கிற தொழிலாளியின் வீட்டில் ஒரு மிதி மெஷின் இருந்தது. அதை வராந்தாவுக்குத் தூக்கி வந்தார்கள். பன்னிரண்டு பேரும் பிளேடு வாங்கித் தையல் பிரிக்க உட்கார்ந்தோம். போதகர் இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டார், மூன்றாம் தடவை பிளேடைப் பிடுங்கிக்கொண்டு அவரை நூல் பொறுக்கப் போட்டார்கள். பிரிப்பதற்குப் பன்னிரண்டு பேர், தைப்பதற்கு அக்கா ஒருத்தி. வெளிச்சம் இருக்கும்வரை தைத்தும் பதினெட்டுதான் முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

வேனுக்குப் பக்கத்தில் மூப்பர் கூட்டம் கூடியது. கர்த்தருடைய நாளில் தைக்கலாமா என்பது கேள்வி. அரைமணி நேரம் ஆகியும் முன்மொழிய ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அக்கா நொண்டி நொண்டி வந்தாள்.

"நீங்க தீர்மானம் போடுங்க, போடாம இருங்க. காலம்பற நான் மெஷின்ல இருப்பேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நாப்பது வருஷமாத் தொடல்ல. நாளைக்குத் தொடுவேன். கர்த்தர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"நான் வழிமொழியுதேன்" என்றேன். முன்மொழியாத தீர்மானத்தை வழிமொழிந்தது எங்கள் சபையில் அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை ஆராதனையை அந்த வராந்தாவிலேயே வைத்துக்கொண்டோம். போதகர் மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பிரசங்கித்தார். பாட்டு வந்தபோது அக்காவின் கால் தாளத்தோடு மிதித்தது. ஜெபத்துக்கு மெஷின் நின்றது, ஆமென் சொல்லி முடிக்குமுன் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவ்வளவு சந்தோஷமான ஆராதனை எங்கள் சபையில் நடந்து நான் பார்த்ததில்லை. மூன்று மணிக்குக் கடைசிப் பாவாடையும் முடிந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் போட வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

மற்றவர்கள் பஸ் பிடித்து இறங்கிவிட்டார்கள். பிள்ளைகள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவதைப் பார்க்காமல் அக்கா அசையவில்லை. அவளுக்குத் துணையாக நானும் ரதீஷும் தங்கினோம். திங்கட்கிழமை மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். வாசலில் பலூன் கட்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். அறுபது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சபை அறிக்கையில் சேர்க்க ஒரு படம் வேண்டும் என்று நான் போனை எடுத்தேன். தலைமை ஆசிரியை பாகீரதி டீச்சர் உடனே வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"பள்ளிக்காருடெ யூனிஃபார்ம் கிட்டின பிள்ளைகள் எல்லாம் ஒண்ணு முன்னால வரணும் கேட்டோ."

மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம்; எங்கள் சபையைத்தான் சொன்னார். யாரும் வரவில்லை. டீச்சர் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எது பள்ளிக்கூடச் சீருடை, எது சபைச் சீருடை என்று அவருக்குத் தெரியவில்லை. அளவெடுத்த எனக்கே தெரியவில்லை. கடைசியில் முன்வரிசையில் நின்ற திவ்யலட்சுமியிடம் குனிந்து, "மோளே, இந்த உடுப்பு ஆரு தந்நது?" என்று கேட்டார்.

பிள்ளை தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரும் தரல டீச்சர். எனக்கு அளவெடுத்துத் தச்சது."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் சத்தமில்லாமல் அழுதாள், கண்ணைத் துடைக்கவும் இல்லை.  படம் எடுக்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.