ஒரு காலில் மட்டும்

கலாதேவி மலேசியாவில் தாப்பா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறியபோது, பதினாறு வயதில், சட்டிபானைகளோடு லாரியேறி ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் வந்து இறங்கினாள். தையல் ஆலை, பள்ளிக் கேண்டீன் என்று சுற்றி, ஒன்பது வருடமாகப் பேரங்காடி ஒன்றில் காவல் வேலை. இப்போது ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது, கொடுத்தால் தூங்கிவிடுவார்களாம். நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் யாரோ இதை முடிவு செய்திருப்பார்கள்.

கம்பெனி கொடுக்கும் காலுறை பத்துத் துவைப்பில் தொளதொளத்துவிடும். நழுவாமலிருக்கப் பெண்கள் அதன்மேல் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கழற்றினால், கணுக்காலுக்கு மேல் வளையமாக ஒரு பள்ளம். கலாதேவி அதைச் சும்மா விடமாட்டாள். விரலால் அமுக்கி, குழி மேலெழும்பும்வரை எண்ணுவாள். வேலை நாளில் இருபது. லீவு நாளில் ஐந்துகூட வராது. கிளினிக்கில் போய்க் கேட்டாள். சிறுநீரகம் சரி, இதயமும் சரி. நின்றபடியே இருப்பதாலும், சாப்பிடும் பிரஷர் மாத்திரையாலும் காலில் நீர் தேங்குகிறது என்றார் டாக்டர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட வேலை செய்யும் புனிதாவின் காலைப் பார்த்ததும் கலாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. புனிதா கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, மூன்றே வாரத்தில் வேலைக்குத் திரும்பியவள்.

"என்னா புள்ள, எடது காலு மட்டும் பன்னு மாதிரி உப்பியிருக்கு?"

"ரப்பர் டைட்டு லா அக்கா. நேத்து நீங்கதானே லூசா போடச் சொன்னீங்க? போட்டேன். இன்னும் வலிக்குது."

நேற்று அப்படிச் சொன்னது உண்மைதான். கலாதேவிக்கு உள்ளே சுருக்கென்றது. "ரெண்டு காலுக்கும் ஒரே ரப்பர்தானே? இந்தக் காலுக்கு மட்டும் என்னா கோவம்?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீரம்மா சிரித்தாள். "டாக்டரம்மா வந்துட்டாங்க. முனி தொட்டிருக்கும் கலா. கோயில்ல திருநீறு வாங்கிப் பூசச் சொல்லு."

"ஒத்தக் காலத் தொடற முனிய நான் எங்கயும் பாக்கல."

கலாதேவி புனிதாவின் வலது காலை அமுக்கினாள். பதினைந்தில் குழி மறைந்தது. இடது காலில் அறுபது எண்ணியும் அப்படியே கிடந்தது. கெண்டைச்சதை கொதித்தது, தொட்டதும் புனிதா பல்லைக் கடித்தாள். இரண்டு காலும் வீங்கினால் ஒரு நாள் பொறுக்கலாம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே ஓடி வா, ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று கிளினிக்கில் டாக்டர் எச்சரித்தது கலாதேவிக்குச் சட்டென்று உறைத்தது. எழுந்து சூப்பர்வைசர் தர்மாவிடம் ஓடினாள்.

"ஷிப்ட் முடிஞ்சு போங்க கா," என்றான் அவன், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு பாஸ்."

"காலு வீங்காத செக்யூரிட்டி யாரு இருக்கா, காட்டுங்க? இப்பதானே மூணு வாரம் லீவு போட்டா?"

"வயித்த அறுத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தா. லங்காவிக்கு டூரா போனா?"

"போஸ்ட்ட விட்டுப் போனா ரெண்டு பேருக்கும் வார்னிங் லெட்டர்."

"லெட்டர அடிச்சு வை. வந்து வாங்கிக்கிறேன்."

புனிதாவை ஏற்றிக்கொண்டு கிராப் வாடகைக் காரில் போகும்போது ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் மூச்சைக் கவனித்தாள். மருத்துவமனையில் வரிசையாகக் காலி நாற்காலிகள். கலாதேவியால் ஒன்றிலும் உட்கார முடியவில்லை. முகப்புக்கும் கதவுக்கும் நடந்தபடி இருந்தாள். உட்காரச் சொல்லி மூன்று தடவை தாதி அதட்டினாள். நான்கு மணிக்கு ஸ்கேன் முடிவு வந்தது. தொடைவரை ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன், படுக்கை, உடனே இந்த நிற்பு எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். புனிதா பிழைத்துக்கொள்வாள்.

மறுநாள் காலை தர்மா எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினான். வேலையிடத்தைவிட்டுப் போன காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று மலாயில் அச்சாகியிருந்தது. கலாதேவி அதைக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் அதே மலாயில் எழுதினாள்: 'புனிதாவின் காலில் ரத்தம் கட்டியது. விடமாட்டோம் என்றார்கள். கூட்டிக்கொண்டு போனேன்.' கீழே கையெழுத்துப் போட்டு, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இத ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க லா," தர்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஏத்துக்காட்டி இங்க வரச் சொல்லு. என் எடத்துல ஒரு நாளு நிக்கட்டும்."