நுனி மட்டும் வெட்டச் சொன்னவனின் கதை

இரண்டு வருடமாக முடி வளர்க்கிறேன். வளர்த்தேன் என்று இனி எழுதிப் பழக வேண்டும்.

பஸ்ஸில் பின்னால் இருந்து "ஏம்மா, செத்த தள்ளி உக்காரு" என்றவர்கள், வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத அப்பா, எல்லோரையும் பொறுத்துக்கொண்டேன். என் பக்கம் நின்ற ஒரே ஆள் எங்கள் தெரு சலூன்கார அண்ணன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெடித்த நுனியை மட்டும் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, "யாரு என்ன சொன்னாலும் முடிய எடுத்துராத தம்பி" என்பார்.

இன்று காலையும் போனேன். "நுனி மட்டும்ண்ணே" என்றேன். தண்ணீர் தெளித்தார். அந்தக் கத்தரிச் சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கம் வரும். கண்ணை மூடிவிட்டேன்.

பிடரியில் சில்லென்று காற்றுப் பட்டதும்தான் விழித்தேன். தோளைத் தாண்டி வளர்ந்த முடி முழுக்கத் தரையில் கிடந்தது.

"அண்ணே! என்னண்ணே இது?"

அவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா போன் போட்டாரு தம்பி. ஞாயித்துக்கெழம சின்னாளப்பட்டிக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களாமுல்ல. இருவது வருசப் பழக்கம், அவரு பேச்சத் தட்ட முடியல."

பெண் பார்க்கப் போகும் சேதியே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அட, நீயாவே வெட்டிட்டு வந்துட்டியா?" என்றார்.

திண்டுக்கல்லில் என் அப்பாவின் நம்பர் இல்லாத சலூன் ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவசரமில்லை. நுனி வெட்டும் அளவுக்கு முடி வளர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.