ஒரே குடத்துத் தண்ணீர்

ரோஸ்மேரி இறந்துவிட்டதாகத் திங்கட்கிழமை காலை கம்பைநல்லூரிலிருந்து அவருடைய தம்பி தந்தி கொடுத்திருந்தார். நம் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய நறுக்குத் தெறித்தாற்போன்ற பேச்சும் சிவப்புப் பென்சிலும் நினைவிருக்கும். இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் பிள்ளைகளின் பற்களிலெல்லாம் பழுப்புக் கறை. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமோ என்று சந்தேகம். பள்ளிக் கிணறு உட்படப் பத்துக் கிணறுகளின் தண்ணீரைப் பாட்டில்களில் எடுத்து வந்து பரிசோதித்தேன். அந்த எண்களை அலசுவது புள்ளிவிவர உதவியாளரான ரோஸ்மேரியின் வேலை. எல்லாமே அளவுக்குள் இருந்தன. பள்ளிக் கிணற்றால் ஆபத்தில்லை என்று அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்குத்தான் நிம்மதி இல்லை. தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். “கெணத்துக்குக் கெணறு ஏற எறங்க இருக்கணுங்க சார். இது என்னங்க, ஒரே கொடத்துல மொண்ட மாதிரி இருக்குது?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “டெஸ்ட்டுல தப்பே இல்லீங்க” என்றேன்.

“டெஸ்ட்டு சரிதாங்க. பாட்டிலைக் கேக்கறேன். நீங்களே மொண்டீங்களா?”

“ஆமாங்க.”

பொய். அன்று வெயில் கொளுத்தியது. ஊர்க்கார அம்மா ஒருவர் மோர் கொடுத்து, “நீங்க உக்காருங்க, நாங்க மொண்டாறோம்” என்று பாட்டில்களை வாங்கிப் போனார். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து லேபிள் ஒட்டியதோடு சரி.

ரோஸ்மேரி அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. “பயமா இருக்குதுங்க” என்று மட்டும் தினமும் சொன்னார். இப்படியே ஒன்பது நாள் போனது. மத்தியான மணி அடித்தால் பள்ளிப் பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடுவது கண்ணில் வரும். சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் தாங்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு, “பஸ்ஸு பத்தரைக்குங்க” என்றார்.

ஊரில் போய்க் கேட்டதும் அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. “ஊருக்கு வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியவா குடுத்தனுப்புவோம்? மலையடி ஊத்துல இருந்து சொமந்தாந்த நல்ல தண்ணிங்க. எல்லாப் பாட்டில்லயும் அதத்தான் ஊத்துனேன்” என்றார்.

பத்துக் கிணற்றிலும் ரோஸ்மேரியே கயிறு போட்டு இறைத்தார். இந்த முறை எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. எல்லாவற்றிலும் மோசம் பள்ளிக் கிணறுதான். “சராசரி பரவாயில்லையே” என்று மேலதிகாரி இழுத்தார். “யாரு வூட்டுப் புள்ளைக்குப் பரவாயில்லைங்க?” என்று கேட்டார் ரோஸ்மேரி. அன்றே கிணற்றை மூட உத்தரவு போனது.

என் பொய்யை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அவர் சிவப்புக் கேள்விக்குறி போட்ட முதல் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். யார் எண்களை நீட்டினாலும், “நீங்களே மொண்டீங்களா?” என்று கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம், அந்த ஒன்பது நாளும் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் என் எதிரே வந்து நிற்கிறார்கள்.