லீடரின் செருப்பு

எங்கள் வீட்டு வாசலில் செருப்பு அடுக்கும் தட்டின் மேல் வரிசையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நெடுநாளாக இருந்தது. ஜோடி என்று பேச்சுக்குச் சொல்கிறேன். இடது கால் நீல வார், வலது கால் சிவப்பு வார். நீலம் என் அளவு. சிவப்பு அதைவிடச் சின்னது, போட்டால் குதிகால் பின்னால் பிதுங்கி நிற்கும். இரண்டும் தேய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. வீட்டை ஒழிக்கும் நாளெல்லாம் என் வீட்டுக்காரர் முதலில் கை வைப்பது அதில்தான். "பாக்கறவங்க சிரிக்கிறாங்க, தூக்கிப் போடேன். இதுக்கு என்ன கோயிலா கட்டப்போற?" என்பார். கட்டினாலும் கட்டுவேன் என்று பிடுங்கி மறுபடி மேலே வைப்பேன். அந்தச் சிவப்பு வார் எங்கள் லீடருடையது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும்.

பெரம்பலூரில் பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் நான் தையல் படித்தேன். என் பெண் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நானும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வகுப்பில் எல்லோரும் என்னைப் போலத்தான், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இனி நமக்கென்று ஒரு வருமானம் வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள். ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருந்ததால் டீச்சர் எங்களை ஊர்ப் பெயரால் கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. நான் சிறுவாச்சூர். எனக்குப் பக்கத்து மெஷின் ரஞ்சன்குடி. ஊர்ப் பெயரில் அடங்காத ஒரே ஆள் லீடர்தான். முதல் நாளே "இந்த கிளாஸுக்கு யாரு லீடரு? யாரும் இல்லியா? சரி, நானே இருந்துக்கறேன்" என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர் அவர்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் லீடருக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் தினமும் வருவார். ஹார்ன் சத்தத்தைக் கேட்டதும் வாட்ச்மேன் அறையிலிருந்து சக்கர நாற்காலி வெளியே வரும். அவருக்காக நிலையத்தில் இரண்டு காரியங்கள் செய்திருந்தார்கள். காலால் மிதிக்க வேண்டிய பெடலை மேசைமேல் ஏற்றி, முழங்கையால் அழுத்தினால் மெஷின் ஓடும்படி பொருத்தியிருந்தார்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் நாற்காலி ஏறி இறங்க அகலமாக ஒரு சிமெண்ட் சரிவு கட்டியிருந்தார்கள். அரியலூர்க்காரிக்குச் சிமெண்டுக்கா பஞ்சம் என்று அதற்கும் அவர் ஒரு வார்த்தை வைத்திருந்தார். ஆனால் அவரைப் பொறுமையின் சிகரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய் நீளம். அடுத்தவர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்காமல் தன்னுடையதைத் திறக்க மாட்டார். என் வத்தக்குழம்பில் பாதி அவர் வயிற்றுக்குத்தான் போயிற்று.

எங்கள் பிரின்சிபால் சார் நல்ல மனிதர், பயந்த மனிதர். தையல் கூடத்துக்குப் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மண் துகள் விழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அதனால் செருப்பை வெளியே விட வேண்டும் என்பது சட்டம். அவரே ஷூவைக் கழற்றி ஆபீஸ் அறை வாசலில் வைத்துவிட்டுத்தான் நடமாடுவார். சக்கர நாற்காலியை என்ன செய்வது என்று அவர் குழம்பி நின்றபோது, லீடர் மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து இரண்டு சக்கரத்தையும் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். செருப்பையும் குனிந்து கழற்றினார். "உங்களுக்கு வேண்டாம்மா" என்று டீச்சர் சொன்னதற்கு, "எனக்கு மட்டும் என்னங்க தனிச் சட்டம்?" என்றார். நடக்காத காலின் செருப்பு என்பதால் அதன் அடியில் இருந்த வரிகள் கடையில் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் போதும், இந்த விஷயத்தில் உங்க எல்லாரையும்விட நான்தான் சிக்கனம் என்று பெருமையடித்துக்கொள்வார்.

நாங்கள் அத்தனை பேரும் செருப்பை விட்ட இடம் அந்தச் சிமெண்ட் சரிவு. படி குறுகல், சரிவு அகலம், கால் தானாக அங்கேதான் போய் உதறும். காலையில் லீடர் எங்களுக்கு முன்னால் வந்துவிடுவார், மாலையில் எல்லோருக்கும் பின்னால் போவார். நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் "வழி!" என்று ஒரு குரல் கொடுப்பார், யாராவது காலால் செருப்புகளை ஒதுக்கிவிடுவோம். அதனால் அது ஒரு குறையாக யாருக்கும் படவே இல்லை.

பட்டது, முதல் தீ ஒத்திகை அன்றுதான். துணி வெட்டு, பஞ்சு, சூடான இஸ்திரிப் பெட்டி எல்லாம் இருக்கிற இடம் என்பதால், நீளமாக மணி அடித்தால் மெஷினை அணைத்துவிட்டு, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடிவிட வேண்டும் என்று டீச்சர் சொல்லித் தந்திருந்தார். மணி அடித்தது. ஓடினோம். வாசல்வரைதான் ஓடினோம். அங்கே எல்லோரும் குனிந்து செருப்புத் தேட ஆரம்பித்துவிட்டோம். "என்னுது புதுசுடி!" என்று ஒருத்தி, "ஒத்தைதான் இருக்கு!" என்று இன்னொருத்தி. ரஞ்சன்குடி டிபன் பாக்ஸை எடுக்க உள்ளேயே திரும்பிப் போனாள். நெருப்பே வந்திருந்தாலும் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் ஓரமாக நின்றிருக்கும் என்பதுபோலத்தான் அன்று நடந்துகொண்டோம். ஒருவழியாக மரத்தடியில் சேர்ந்ததும் டீச்சர் ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டார். கடைசியில் "லீடர்?" என்றார். கூடத்து வாசலில் இருந்து பதில் வந்தது. "நான் இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கேன் டீச்சர்!" சரிவின் உச்சியில், செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம், நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் களேபரத்தில்தான் நான் ஒரு காலில் என் நீலத்தையும் மறு காலில் லீடரின் சிவப்பையும் மாட்டிக்கொண்டு ஓடியிருந்தேன். சாயங்காலம்தான் கவனித்தேன். மாற்றிக்கொள்ளலாம் என்று குனிந்தால் அவர் தடுத்துவிட்டார். "இருக்கட்டும் சிறுவாச்சூரு. நீ நடக்கறப்ப என் செருப்பும் கொஞ்சம் ஊரைப் பாத்துட்டு வரட்டும்." என்னுடைய வலது நீலத்தை அவர் போட்டுக்கொண்டார். விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு வந்தார், நானும் என் ஜோடியை மாற்றவில்லை.

அடுத்த வாரம் தீயணைப்பு ஆபீசர் நேரில் வந்து ஒத்திகை பார்க்கப்போவதாகத் தகவல் வந்தது. பிரின்சிபால் சாருக்குத் தூக்கம் போய்விட்டது. லீடரின் மெஷின் பக்கத்தில் சார் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லீவு எடுத்துக்கங்களேன்ம்மா. அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன்" என்றார். மெஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. லீடர் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தார். "சரிங்க சார். நெசமா தீப்புடிக்கிற அன்னிக்கும் முந்தின நாளே சொல்லி அனுப்பிருங்க. அன்னிக்கும் லீவு போட்டுர்றேன்." சாரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே ஏதாவது ஆனால் இந்த அம்மாவை எப்படிக் காப்பாற்றுவது என்ற பயம் அவருக்கு உண்டு. ஆபீசர் முன்னால் சொதப்பினால், லீடர் வீட்டிலேயே ஒரு மெஷின் வைத்துப் பழகிக்கொள்ளட்டும், சான்றிதழை வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம்தான் லீடர் என் வத்தக்குழம்பைத் தொடாமல் இருந்தார். "வூட்டுல உக்காந்து தைக்கறதுக்கு நான் எதுக்குடி டவுனுக்கு வரணும்? இத்தன வருஷமா அந்த வூட்டுலதான உக்காந்திருந்தேன்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. ரஞ்சன்குடி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்றாள். "நான் உங்கள முதுகுல தூக்கிட்டு ஓடியாந்துர்றேன் லீடர்" என்றாள். செய்யக்கூடியவள்தான். லீடருக்கு உடனே பழைய வாய் திரும்பிவிட்டது. "நான் என்ன மக்காச்சோள மூட்டையா? எனக்குச் சக்கரம் இருக்கு. வழிய மட்டும் விடுங்கடி, போதும்."

வழிவிடுவது அவ்வளவு எளிதாக இல்லை. சுவரோரம் செருப்புக்கு ஒரு தட்டு வைத்துப் பார்த்தோம். "இங்கே செருப்பு விடாதீர்கள்" என்று அட்டையில் எழுதி சரிவில் மாட்டினோம். மறுநாள் அந்த அட்டைக்குக் கீழேயே வரிசையாகச் செருப்பு கிடந்தது. எழுதி மாட்டியவள் செருப்பும் அதில் இருந்தது. பழகிய கால் அறிவிப்புப் பலகையைப் படிப்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த லீடர் சட்டென்று கேட்டார். "நம்ம யார் வூட்டுலயாவது கோலத்து மேல செருப்ப விடுவோமாடி?"

மறுநாள் விடிந்ததும் அவர் சொன்னபடி கோலப்பொடி கொண்டுபோனேன். மருதாணி வைப்பதில் கெட்டிக்காரியான லப்பைக்குடிகாட்டுக்காரி கொடியும் பூவுமாகச் சரிவு முழுக்க இழுத்துவிட்டாள். என்ன அழகு! வந்தவர்கள் எல்லோரும் சரிவருகே வந்து, உதறப்போன காலை அப்படியே நிறுத்தி, வளைந்து நடந்து சுவரோரத் தட்டில் செருப்பை விட்டார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோலத்தின் நட்டநடுவில் லீடரின் நாற்காலி மட்டும் ஜம்மென்று ஏறி வந்தது. சக்கரத்தைத் துடைக்க மறந்து, டைல்ஸ் நெடுக வெள்ளையாக இரண்டு கோடு. பிரின்சிபால் சார் அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் லீடரின் மெஷினை வாசலுக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டார். முதலில் லீடர் சரிவில் இறங்குவது, நாங்கள் படியில் இறங்குவது, வெளியே ஊர்களைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது லீடரே என்று முடிவாயிற்று. பதவி கிடைத்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு, "எவளாவது செருப்பத் தொட்டீங்க, தொலைச்சுருவேன். வெறுங்கால்தான்" என்பது.

ஆபீசர் வந்தது உச்சி வெயிலில். மணி அடித்ததும் மெஷின்கள் நின்றன, லீடர் கோலத்தின்மேல் சர்ரென்று இறங்கினார், நாங்கள் பின்னால் படியில் இறங்கினோம். ஒருத்தியும் செருப்புப் பக்கம் திரும்பவில்லை. வேப்பமரத்தடிக்குத் திரும்பியபோதுதான் ஆபீசர் கையைக் காட்டினார். "அங்க வேணாம், மேல கரண்டு கம்பி போகுது. எல்லாரும் திடல்ல நில்லுங்க." பெரம்பலூர் வெயிலில் அந்த வெட்டவெளித் திடல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கால் வைத்ததும் குதிக்க ஆரம்பித்தோம். ஒரு காலைத் தூக்கி மறு காலில், அதைத் தூக்கி இந்தக் காலில் என்று மொத்த வகுப்பும் ஆடியது. நடுவில் லீடர் மட்டும் நிழற்குடைக்குக் கீழே உட்கார்ந்த மகராணி மாதிரி நிதானமாக ஊர்களைக் கூப்பிட்டார். "ரஞ்சன்குடி!" "இருக்கேன், அய்யோ!" "சிறுவாச்சூரு!" "வந்துட்டேன், அம்மாடி!" ஆபீசர் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியை எடுத்து விசிறிக்கொண்டார்.

எல்லா ஊரும் வந்தாகிவிட்டது. லீடர் நிறுத்தவில்லை, சுற்றிப் பார்த்தார். "ஒரு ஆளு கொறையுதுங்க சார்" என்றார் ஆபீசரிடம். "யாரும்மா?" "எங்க பிரின்சிபாலு." எல்லோரும் வாசலைப் பார்த்தோம். ஆபீஸ் அறை வாசலில் சார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஷூ முடிந்து இன்னொன்று பாதியில் இருந்தது. எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வந்து மூச்சு வாங்கி நின்றவரிடம் லீடர் வெகு மரியாதையாகச் சொன்னார். "சார், அடுத்த தடவ நீங்க லீவு போட்டுருங்க."

முதலில் சிரித்தவர் பிரின்சிபால் சார்தான். கையில் ஷூவோடு, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து குனிந்து சிரித்தார். நாங்கள் குதித்துக்கொண்டே சிரித்தோம். "மொதல்ல வந்தது இந்த அம்மா, கடைசில வந்தது நீங்க" என்று ஆபீசர் சாரிடம் சொல்லிவிட்டு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். வீட்டில் பழகும் பேச்சு அதோடு போயிற்று. மறுநாள் காலையில் சார் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து, அந்தக் கோலத்தை அழியாமல் போட்டுவிடச் சொன்னார். அன்று லீடர் என் டிபன் பாக்ஸை முழுதாகக் காலி செய்தார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனியிலும் ஒத்திகை உண்டு. சைரன் அடித்ததும் வரிசையாக வெளியே போவோம். என் கண் மட்டும் முதலில் சரிவு எங்கே, அதன்மேல் யாராவது பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்று பார்க்கும். பெட்டி இருந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சூப்பர்வைசரையே நகர்த்த வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். லீடர் அங்கே சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார், வேலைக்கு இரண்டு பெண்கள். கடை வாசலில் சரிவு, சரிவில் கோலம். நாற்காலியின் கால் பலகையில் இருந்ததைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். இடது காலில் சிவப்பு, வலது காலில் என் நீலம். சிவப்பின் அடியில் வரிகள் ஒன்றுகூட அழியவில்லை, என் நீலமும் அன்று இருந்ததற்கு மேல் தேயவில்லை. நான் பையிலிருந்து என் ஜோடியை எடுத்து நீட்டினேன். அவர் அதிலிருந்த தன் சிவப்பைத் திருப்பி, தேய்ந்து மெலிந்த அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "எங்கெல்லாம்டி போச்சு இது?" என்றார். சொன்னேன். சிறுவாச்சூர்க் கோயில் கூட்டம், கம்பெனி, ரஞ்சன்குடி கோட்டைமேல் ஏறியது, என் பெண்ணைக் காலேஜில் சேர்க்க அலைந்தது எல்லாம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, தன் கால்களில் இருந்ததைக் கழற்றி என் மடியில் வைத்தார். தேய்ந்த ஜோடியை அவர் மாட்டிக்கொண்டார்.

"இந்தா, இதுவும் சும்மாதான் கெடக்கு. இதையும் தேச்சுக் கொண்டா."

சிவப்பு, நீலம், இன்னொரு ஜோடி. திரும்பி வரும்போதே ஒரு வார் அறுந்துவிட்டது, ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். செருப்புத் தட்டின் மேல் வரிசை இப்போது காலி. என் வீட்டுக்காரர் காலியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டார், என் காலைப் பார்க்கும்வரை.