பதினான்கு நாள் அப்பா

பகலெல்லாம் சிமெண்டுப் படியில் ஏறியிருந்த வெயில் பாவாடையைத் தாண்டித் தொடையில் உறைக்கும். கீழ்வீட்டு மேரி அக்காவின் தையல் மிஷின் கடகடவென்று ஓடும். ஏரிப்பக்கமிருந்து பாசி வாசனை வந்துகொண்டிருக்கும். மாற்றுத்துணி வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு நான் தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சிட்லபாக்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் வெள்ளிக்கிழமை மாலைகள் என்றால் எனக்கு இன்றும் இதுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவும் அம்மாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா கட்டடம் கட்டும் கம்பெனியொன்றில் சூப்பர்வைசராக இருந்தார். கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்தார். பிரியும்போது கோர்ட்டில் எழுதிக்கொண்ட உடன்படிக்கைப்படி மாதத்தில் இரண்டாம் சனியும் நான்காம் சனியும் நான் அப்பாவோடு இருக்க வேண்டும், மற்ற நாளெல்லாம் அம்மாவோடு. எனக்குப் பதினெட்டு வயது முடியும் வரை என் செலவுக்கு அப்பா மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் தர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த சனிக்கிழமைகளுக்கு "அப்பா நாள்" என்று பெயர். பள்ளிக்கூட டைரியில் பரீட்சை தேதிகளைக் குறிப்பதுபோல அதையும் நான் குறித்து வைத்திருப்பேன்.

ஒரு அப்பா நாளில், கோவளம் கடற்கரையில் வறுத்த மீன் வாங்கித் தந்துவிட்டு அப்பா கேட்டார்.

"மாசத்துக்கு ரெண்டே நாள்தான் உன்ன பாக்குறேன். வாராவாரம் வெள்ளி, சனி, ஞாயிறு என்கூட இருக்கியா கண்ணு?"

அதைவிட சந்தோஷமான கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்பாவுக்கு நான் வேண்டும், இன்னும் நிறைய நாள் வேண்டும் என்பதை அன்றிரவு தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அப்பா மனு போட்டார். நீதிபதி ஒரு அம்மாள், என்னை மட்டும் தனியறைக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "அப்பாகூட நிறைய நாள் இருக்கணும்" என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமும் அதையேதான் குதித்துக்கொண்டு சொன்னேன். அம்மா என் வாயோரத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டு, "சரி, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

உத்தரவு வந்தது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை அப்பா, மீதி நாள் அம்மா. அதே உத்தரவின் இன்னொரு பத்தியில், குழந்தை மாதத்தில் கிட்டத்தட்டப் பாதி நாட்கள் தகப்பனிடம் இருந்து, அந்நாட்களின் சாப்பாடு, துணிமணி முதலான செலவுகளை அவரே பார்த்துக்கொள்வதால், பன்னிரண்டாயிரம் இனி ஐயாயிரமாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பத்தி பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வயதில் எனக்கு விளங்கியிருக்காது. பள்ளிக்கூட வேன் நின்றுபோனதும், நான் பஸ்ஸில் போகத் தொடங்கியதும், அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் "டூட்டி"க்குப் போக ஆரம்பித்ததும்தான் எனக்குத் தெரிந்தவை. வீட்டு வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் நான் எத்தனை நாள் எங்கே சாப்பிடுகிறேன் என்று பார்த்துக் குறைந்துகொள்வதில்லை என்பதை அம்மா யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்?

முதல் மூன்று மாதம் அப்பா தவறாமல் வந்தார். பிறகு வெள்ளி மாலை சனி காலையாகியது, சனி காலை சனி மத்தியானமாகியது, அதற்கும் பிறகு போன் மட்டும் வந்தது. "சைட்ல கான்கிரீட் போட்டுக்கினு இருக்காங்கடா, அடுத்த வாரம் கண்டிப்பா." அம்மா அந்த ஞாயிறுகளில் வேலைக்குப் போயே ஆகவேண்டும், ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆகவே என் ஞாயிறுகள் மேரி அக்காவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பட்டன் டப்பாக்களோடு கழிந்தன. மத்தியானச் சாப்பாட்டை எனக்கும் சேர்த்து வடித்துவிடுவார் அக்கா. அதற்குப் பதிலாக அவர் ஒரு நாளும் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை.

"இன்னாமா, உங்கப்பா இந்த வாரமும் வரலியா? படியிலயே குந்திகினு கீறியே, உள்ள வந்து ஒக்காரு" என்பார் வெள்ளிக்கிழமைகளில். வீட்டுக்குள் போய்விட்டால் கார் வந்து ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமோ என்று பயந்து நான் எழுந்திருக்க மாட்டேன். வேலை முடிந்து வரும் அம்மா, படியில் என்னைப் பார்த்தால் ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொள்வாள். "வேலை இருந்திருக்கும். போய்க் கை கால் கழுவு" என்பாள். அப்பாவைப் பற்றி அவள் என்னிடம் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. அப்போது அதை, அவளுக்கு அப்பாமேல் அக்கறையே இல்லை என்பதற்கு அடையாளமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஒரு வருடம் போனபின் அம்மா ஒரு வக்கீல் அம்மாளைப் பார்த்தாள். நானும் கூடப் போயிருந்தேன். "அவர் எடுத்துக்கிட்ட நாளுக்காகத்தான் தொகைய குறைச்சாங்க. அவர் வரலைன்னா பழைய தொகைய திரும்பக் கேக்கலாம்மா. ஆனா வரலைன்னு காட்டணும். குழந்தைய கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றார் அவர். எனக்குப் புரிந்ததெல்லாம், அம்மா அப்பாமேல் புகார் கொடுக்கப் போகிறாள் என்பதுதான். அன்று மாலையே மேரி அக்காவின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே கார் வந்துவிட்டது. பின்சீட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்கேட்டிங் ஷூ ஜோடி, டப்பாவோடு. வண்டலூர் தாண்டி கேளம்பாக்கம் சாலையில் திரும்பும்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பா பேசினார்.

"ஜட்ஜ் கேட்டா, அப்பா வாராவாரம் வர்றாருன்னு சொல்லிடு. ஒரு வாரம் ரெண்டு வாரம் மிஸ் ஆச்சுன்னு சொன்னாக்கூட, அப்புறம் உன்ன என்கிட்ட விடவே மாட்டாங்க. அப்பா வேணும்தானே உனக்கு?"

வேணும் என்றேன்.

அதே அறை, அதே நீதிபதி. இந்த முறை பிஸ்கட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை. "அப்பா ஒழுங்கா வந்து கூட்டிட்டுப் போறாராம்மா?" என்று அவர் கேட்டார். "ஆமா மேடம். எல்லா வெள்ளிக்கிழமையும் வர்றாரு" என்றேன். "வராம இருந்ததே இல்லையா?" "இல்லை மேடம்." கேட்காததற்கும் பதில் சொன்னேன்: "அம்மாதான் அப்படிச் சொல்றாங்க." அந்த மூன்று வார்த்தையை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நானேதான் சொன்னேன். இந்தக் கட்டுரையில் மற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கும் எதையும்விட அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

அம்மாவின் மனு நிற்கவில்லை. ஐயாயிரம் ஐயாயிரமாகவே நின்றது. அதன்பின் இரண்டு வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். மூன்றாவது வெள்ளி வரவில்லை. நான்காவதும் வரவில்லை. அம்மா கோர்ட்டுக்கு மறுபடி போகவில்லை. சம்பளம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அதிகாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள்.

பதினாறு வயதில், பள்ளி மாறுவதற்காகச் சான்றிதழ் தேடியபோது பீரோவில் ஒரு கோர்ட் கட்டு கிடைத்தது. கோவளத்தில் மீன் வாங்கித் தந்த அதே மாதத்தில் அப்பா போட்ட மனு. மகளைப் பிரிந்திருக்க முடியவில்லை என்று எங்காவது எழுதியிருப்பார் என்று தேடித்தேடிப் படித்தேன். வாரத்துக்கு இத்தனை நாள், மாதத்துக்குப் பதினான்கு நாள், ஆகவே தொகையைக் குறைத்துத்தர வேண்டும் என்று இருந்தது. இரண்டு பக்கத்தில் என் பெயர் ஒரே ஒரு முறை வந்தது, அதிலும் எழுத்துப்பிழை. எனக்குப் பதினெட்டு முடிந்த மாதத்தோடு ஐயாயிரமும் நின்றது, அப்பாவின் போனும் நின்றது.

இப்போது எனக்கு இருபத்தெட்டு. அம்மாவும் நானும் சேலையூரில் இருக்கிறோம். வேலைக்காக தினமும் கம்பெனி பஸ்ஸில் கேளம்பாக்கத்தைக் கடக்கிறேன். அப்பா அங்கிருந்து எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. சிட்லபாக்கம் வீட்டை இடித்து நான்கு மாடி எழுப்பிவிட்டார்கள். மேரி அக்கா போன மாசியில் இறந்துபோனார். அவர் அடக்கத்துக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பும்போதுதான் அம்மா, என்னவோ பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொன்னாள்: நான் நீதிபதியிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்த பிறகு, அந்த வழக்கில் சாட்சி சொல்ல மேரி அக்கா தயாராக இருந்தாராம். "அத்தனை வெள்ளிக்கிழமையும் பார்த்தவள் நான்தானே, கோர்ட்டுல வந்து சொல்றேன்" என்று வக்கீலிடமே நேரில் போய்ச் சொன்னாராம். அம்மாதான் வேண்டாம் என்று நிறுத்திவிட்டாளாம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த வேன், அந்த ஞாயிறுகள், விடியுமுன் எழுந்து அவள் பஸ்ஸுக்கு ஓடிய அத்தனை வருடங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"ஏம்மா? அக்கா சொல்லியிருந்தா கெடச்சிருக்குமே?"

அம்மா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"அக்கா வந்து சொன்னா, நீ பொய் சொன்னேன்னு ஆயிடும்ல. பதினோரு வயசுப் பொண்ணு. உன்ன எதிர்ல நிக்கவச்சு நான் ஜெயிக்கணுமா?"

கேம்ப் ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றது. எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, டிரைவரிடம் இடதுபக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.