போல்ட் இல்லாத கட்டில்

கிண்ணியாவில் கலியாணம் முடிந்து பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீட்டையும் பெண்ணின் பெயரில்தான் எழுதுவார்கள். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் ஸல்ஹாவின் வீட்டுக்கு அபூதாஹிர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். ஒரு தகரப் பெட்டி, உடுக்க நாலு சாரம், சாக்குத் துண்டில் சுற்றிய ஒரு கட்டு ஸ்பானர். கப்பல் திருத்தும் திருகோணமலை டொக்யாட் வேலைத்தளத்தில் அவர் பிட்டர், இயந்திரம் பூட்டுபவர்.

"ஸ்பானர் எதுக்கு மருமகன்? இஞ்ச கப்பல் ஒண்டும் இல்லியே" என்றார் ஸல்ஹாவின் தாய் ஆமினா உம்மா.

"கிடக்கட்டும் மாமி. உதவும்."

வீட்டில் ஒரு விறாந்தை, அதற்குள்ளே மூன்றடி அகலத்தில் ஒரு நடை, நடையில் திறக்கும் இரண்டு அறைகள், பின்னால் குசினி. கட்டியவர் ஸல்ஹாவின் தகப்பன் அலியார். அவர் பலகை வியாபாரி. தன்னிடம் மிஞ்சிக் கிடந்த பலகையால் இரண்டு அறைகளுக்கும் நடுவே தட்டி அடித்திருந்தார். தட்டி கூரை வரைக்கும் போகவில்லை. காற்று வரவேண்டும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் புது மாப்பிள்ளையும் பெண்ணும். அந்தப் பக்கம் அலியாரும் ஆமினா உம்மாவும்.

சீதனமாக ஒரு முதிரை மரக் கட்டிலும் கொடுத்திருந்தார்கள். பார்வைக்கு நல்ல கட்டில். ஆனால் ஓயாமல் கதைக்கும் கட்டில்.

முதலாவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும் தின்று, அபூதாஹிர் சற்றே சரிந்தார். வலப்பக்கம் திரும்பினார். கட்டில் கிறீச் என்றது. தட்டிக்கு அப்பால் அலியார் இருமினார். இடப்பக்கம் திரும்பினார். கிறீச். இருமல். மாப்பிள்ளை மல்லாக்கப் படுத்து இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு மாதம் அப்படியேதான் கிடந்தார்.

"குழிக்குப் போற மைய்யித்து மாதிரிக் கிடக்காதீங்க. பாக்கப் பயமா இரிக்கு" என்றாள் ஸல்ஹா, காதோடு.

"உங்கட வாப்பா இருமுறார்."

"அவருக்குச் சளி."

"நான் திரும்பேக்க மட்டும் வாற சளி. அதுக்கு என்ன மருந்து?"

ஸல்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கட்டில் ஆடும். வாய்க்குள் முக்காட்டைத் திணித்துக்கொண்டாள்.

அவர் மூட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். சவர்க்காரம் தேய்த்தார். துணி செருகினார். கட்டில் தேங்காயெண்ணெய் வாசத்தோடு கிறீச்சிட்டது. குசினியில் ஆமினா உம்மா எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்து, "இந்த வீட்டில எண்ணெயக் குடிக்கிறது ஆரு?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். ஸல்ஹா மீனைக் கழுவினாள். கழுவின மீனையே திரும்பவும் கழுவினாள்.

கடைசியில் ஒருநாள் அவர் ஸல்ஹாவைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தன் முடிவைச் சொன்னார். மரமோ இரும்போ, இரண்டு துண்டு சேர்கிற இடத்தில் ஆட்டம் இருக்கும். போல்ட் போட்டு முறுக்கினாலும் நாள் போகப் போக ஆடும். ஆடினால் சத்தம் வரும். ஆகவே சேர்கிற இடமே இல்லாமல் ஒரு கட்டில் செய்யவேண்டும். முழுக்க இரும்பு. முழுக்க வெல்டிங்.

"செய்யலாமா?"

"கப்பலுக்கே செய்றம்."

அன்று பின்னேரமே அறை வாசலை அளந்தார். அகலம் இரண்டடி பத்தங்குலம், உயரம் ஆறடி. கட்டிலின் கால் உயரத்தை இரண்டடி எட்டங்குலமாக வைத்தால், பக்கவாட்டில் சரித்து உள்ளே கொண்டுபோகலாம். இரண்டங்குலம் மிச்சம். சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் கணக்கு எழுதி ஸல்ஹாவுக்குக் காட்டினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த இரண்டங்குலம் மிச்சம் அவளுக்குப் பிடித்திருந்தது.

இரும்புக் குழாய்களைக் கழிவு இரும்பு ஏலத்தில் எடுத்தார். கூட வேலை செய்த குணரத்தினம் தன் வீட்டு வளவில் வைத்து வெல்டிங் செய்துகொடுத்தார். ஏழு கிழமை. சித்திரை மாதக் கடைசியில் கட்டில் லொறியில் ஏறியது. கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைப்படுத்தும் மிதவைக்குப் பாதை என்று பெயர். பாதையில் வந்தவர்கள் நிற்க அலுத்து, கட்டிலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"பதினொரு பேர் இருந்தாங்க" என்றார் அபூதாஹிர், வந்ததும் வராததுமாக, மெல்லிய குரலில். "ஒரு சத்தம் இல்ல."

ஸல்ஹா கதவுக்குப் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

எட்டுப் பேர் கட்டிலைத் தூக்கினார்கள். விறாந்தையைக் கடந்தது. சரித்துப் பிடித்து நடைக்குள் விட்டார்கள். அறை வாசலுக்கு நேரே வந்தது. அங்கே நின்றுவிட்டது.

அவர் வாசலை அளந்திருந்தார். வளைவை அளக்கவில்லை. நடை மூன்றடி அகலம், கட்டில் ஆறரையடி நீளம். அது எந்தக் கோணத்திலும் திரும்பாது. நிமிர்த்திப் பார்த்தார்கள், வாசல் ஆறங்குலம் குட்டை. தலைகீழாகப் பார்த்தார்கள். கால் ஒன்று சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்தது. அலியார் இருமினார். இந்த முறை உண்மையான இருமல், சுண்ணாம்புத் தூசி.

கடைசியில் கட்டிலை வெளியே கொண்டுவந்து முற்றத்து வேப்பமரத்தின் கீழ் வைத்தார்கள். ஊரும் வந்து சேர்ந்தது.

"கூரையைக் கழற்றி மேலால இறக்குவம்" என்றார் மேசன் பக்கீர். கூரை கழற்றுவது அவருக்கு வேலை.

"எதுக்கு? நடுவால வெட்டுவம்" என்றார், கூடவே வந்திருந்த குணரத்தினம். "நாலு போல்ட். அரை மணித்தியால வேலை. உள்ள கொண்டுபோய்ப் பூட்டினாச் சரி. நான் முதலே சொன்னனான், இவர் கேக்கேல்ல."

"ஏலாது" என்றார் அபூதாஹிர்.

"ஏன் ஏலாது?"

"ஏலாது."

"அட, ஊரில உள்ள கட்டிலெல்லாம் போல்ட் போட்டதுதானே. உன்ர கட்டிலுக்கு மட்டும் போல்ட் போட்டா என்ன வரும்?"

அபூதாஹிர் மாமனாரைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு மைமூனாவையும், அவளுக்குப் பின்னால் நின்ற பதினைந்து பெண்களையும் பார்த்தார். காது சிவந்தது. டொக்யாட்டில் எந்த இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று எவருக்கும் விளக்கிச் சொல்லக்கூடிய மனிதர் அவர். இதற்கு மட்டும் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

"படிச்ச மனுசன். காரணம் இல்லாமச் சொல்லமாட்டார்" என்றார் அலியார். அந்த ஆதரவு நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எல்லோரும் காரணத்துக்காகக் காத்து நின்றார்கள்.

அவர் தகரப் பெட்டியை எடுத்தார். ஸல்ஹா நடையில் மறித்தாள்.

"எங்க போறீங்க?"

"ஓவர்டைம் கிடக்கு. குணரத்தினத்தின் வீட்டில நிப்பன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த வீட்டில எனக்கு ஒரு கட்டில் போட இடமில்ல, ஸல்ஹா. டவுனில லைன் அறைக்கு எழுதிப் போடுறன். நீங்க வாறதெண்டா வாங்க."

"என்ட வீட்ட விட்டுப்போட்டு வாடகை அறைக்கா?"

"அதத்தான் சொன்னன். இது உங்கட வீடு."

அவர் அடுத்த பாதையில் கடந்துபோனார்.

ஒரு கிழமை போயிற்று. இரண்டு கிழமை போயிற்று. வேப்பமரத்தின் கீழ் கிடந்த கட்டிலில் ஆமினா உம்மா மிளகாய் காயப்போட்டார். ஆடு ஏறி நின்றது. மைமூனா வேலிக்கு அப்பால் நின்று, "உங்கட வீட்டுக் கட்டில் வந்துட்டு, மாப்பிள்ளை போயிட்டாராமே" என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள். நோன்பு தொடங்க இன்னும் ஐந்து நாள். தலைநோன்பு திறக்கப் புது மாப்பிள்ளை வீட்டில் இல்லாவிட்டால், பிறகு அவர் வந்தாலும் ஊர் விடாது. ஸல்ஹா அதைவிட வேறொன்றுக்குப் பயந்தாள். அவர் கோபக்காரர் அல்ல. கோபக்காரன் ஆறிப்போவான். இவர் வெட்கப்பட்டுப் போனவர்.

அவள் காலையில் எழுந்து தகப்பனிடம் போனாள்.

"வாப்பா, வீடு ஆர்ட பேரில?"

"உன்ட பேரில. எழுதித் தந்ததுதானே."

"அப்ப சுவர்?"

"சுவரில்லாம வீடா? அதும் உன்ட."

"சரி. பக்கீர் நானாவக் கூப்பிடுங்க. அறைச் சுவர உடைக்கோணும்."

அலியார் கதிரையிலிருந்து எழுந்தார். மூன்று தடவை அல்லாஹ்வை அழைத்தார். முழு வீட்டுக்கும் ஒரே வாசல் என்று தான் எவ்வளவு யோசித்துக் கட்டினார், தனிவாசல் வைத்தால் மருமகன் வருவதும் போவதும் எவருக்குத் தெரியும், ஊர் என்ன கதைக்கும் என்றெல்லாம் கேட்டார். ஸல்ஹா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "வாப்பா, கட்டிலில ஏன் போல்ட் போடல்ல எண்டு நான் சொல்லவா?" என்றாள்.

அலியார் அவளைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கீரைத் தானே தேடிப் போனார்.

கிழக்குச் சுவரில் நாலரையடி அகலத்தில் ஓட்டை விழுந்தது. முற்றத்திலிருந்து கட்டில் நேராக உள்ளே போனது. வளைவே இல்லை. ஸல்ஹா ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி டவுன் பஸ் சாரதியிடம் கொடுத்தனுப்பினாள். வேலைத்தளத்தில் அதை முதலில் பிரித்துப் படித்த குணரத்தினம் சாகும்வரை அந்தக் கதையை விடவில்லை. கடதாசியில் இருந்தது இவ்வளவுதான்: "கட்டில் உள்ளே வந்துவிட்டது. ஆள்தான் வெளியே."

அன்றைய கடைசிப் பாதையில் ஆள் வந்தார். விறாந்தைப் பக்கம் போகவில்லை. ஓட்டை வழியாகவே உள்ளே வந்தார். சுவரின் கனத்தை விரலால் அளந்து பார்த்தார். ஒன்பதங்குலம்.

"நேர்வெட்டு" என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது. பிறகு, "நான் அளந்திருக்கோணும்" என்றார்.

"அளந்திருந்தா நமக்கு வாசல் கிடைச்சிருக்காது."

அலியார் பலகை கொடுத்தார், இரட்டைக் கதவு போட்டார்கள். கீல் மட்டும் பழையது. திறந்தால் ஊருக்கே கேட்கும். அபூதாஹிர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். ஸல்ஹா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு விடாதீங்க. இந்த அறையில ஒரு சாமானாவது நீங்க வந்தீங்க எண்டு சொல்லட்டும்."

டொக்யாட்டில் கப்பல்களுக்கு எண்ணெய் போட்ட மனிதர், தன் வீட்டுக் கதவைத் துருப்பிடிக்க விட்டார். ஒவ்வொரு நாளும் ஐந்தரைப் பாதை, ஆறேகாலுக்குக் கிறீச். ஸல்ஹா தேத்தண்ணிக்கு உலை வைப்பதே அந்தச் சத்தத்துக்குத்தான்.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் ஓடு முழுக்கப் பறந்தது. தட்டியும் போய்விட்டது. இரும்புக் கட்டில் அசையவில்லை. அதன் கீழே ஸல்ஹா, மூன்று பிள்ளைகள், ஆமினா உம்மா, மாமனார், மருமகன் எல்லோரும் நெருங்கிக் கிடந்தார்கள். பதினொரு வருடமாகச் சொல்லாததை அலியார் அங்கேதான் சொன்னார், மருமகனின் முழங்கை தன் விலாவில் இடிக்க.

"மருமகன், அந்தக் காலத்தில நான் இருமினது..."

"விடுங்க மாமா."

"இல்ல, கேளுங்க. கட்டில் சத்தம் எங்களுக்குக் கேக்குது எண்டு நீங்க வெக்கப்படக் கூடாது. அந்தச் சத்தத்த மறைக்கத்தான் இருமினன்."

வெளியே கடல் இரைந்தது. கட்டிலுக்குக் கீழே சிரிப்பு ஓயவேயில்லை. ஆமினா உம்மா மட்டும், "எண்ணெயக் குடிச்சது கட்டிலா?" என்று கேட்டார்.

அபூதாஹிர் எண்பதாம் ஆண்டு மாசி மாதம் வேலைத்தளத்தில் மயங்கி விழுந்து மவுத்தானார். உடல் வைத்த சந்தூக்கைப் பெரிய வாசலால் கொண்டுபோகப் பார்த்தார்கள். மூத்த மகன் லாபிர் தடுத்தான். தொழினுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு அநுராதபுரத்தில் நீர்ப்பம்பிகளோடு வேலை செய்பவன். நடை மூன்றடி, சந்தூக்கு ஆறரையடி. அவனுக்கு அளக்கத் தேவையிருக்கவில்லை. அவர் வந்த வாசலாலேயே போனார்.

மூன்று நாளும் அந்தக் கதவால் பெண்கள் வந்து போனார்கள். ஒவ்வொரு கிறீச்சுக்கும் உம்மா ஸல்ஹாவின் தலை திரும்பியது. லாபிரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எண்ணெய் எடுத்துக் கீலுக்கு விட்டான்.

நாலாம் நாள் பின்னேரம் ஸல்ஹா தலை நிமிர்ந்தபோது மைமூனா அறைக்குள் நின்றாள். கதவு திறந்த சத்தமே இல்லை.

"ஆருடா இதுக்கு எண்ணெய் விட்டது?"

"நான்தான் உம்மா. சத்தமாக் கிடந்தது. அதுதான்..."

"உன்ட வாப்பாவுக்கு எண்ணெய் விடத் தெரியாமலா இருபத்தேழு வருசம் கிடந்தது?"

லாபிர் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கீலைக் கழுவினான். துணியால் துடைத்தான். நூறு தடவை திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. துரு ஏறவேண்டும் என்றான். உப்புக்காற்றுத்தானே, தானாக ஏறும்.

"எவ்வளவு காலம்?"

அவன் யோசித்தான். "நாலு மாசம் உம்மா."

புருஷனை இழந்த ஸல்ஹா வீட்டோடு இத்தா இருக்கவேண்டிய காலம் நாலு மாதம் பத்து நாள். அதுவரை அவளும் அறையை விட்டு வெளியே போகப்போவதில்லை. லாபிர் வேலைக்குத் திரும்பிய மறுநாள், விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடித்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்துக் கீலுக்கு ஊற்றினாள். அதற்கு அடுத்த நாளும் ஊற்றினாள்.

"என்ன ராத்தா, கதவத் தொழ வைக்க ஒளு எடுத்துக் குடுக்கிறீங்களா?" என்றாள், குசினி வேலைக்கு உதவியாக வந்துபோன மைமூனா.

"ஓம். நீ திறக்காத. மூடிக் கிடந்தாத்தான் துரு பிடிக்குமாம்."

லாபிரின் கணக்குப் பிழைத்தது. காற்றை அளந்தவன் உம்மாவின் உப்பை அளக்கவில்லை. அடுத்த முறை அவன் ஊருக்கு வந்தபோது இரண்டு மாதமும் ஆறு நாளும்தான் ஆகியிருந்தது. கையில் பையோடு முற்றத்தால் வந்து கதவைத் தள்ளினான். கிறீச் என்றது.

உள்ளே உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குசினிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"மைமூனா, உலைய வையி. ஆள் வந்துட்டு."